நேயர் வாக்கும் கலைத் தகுதியும்

கலைஞர் ஒருவருக்குப் பரிசு அளிக்கப்படுங்கால், அப்பரிசின் பொன்னையும் பட்டையும் நோக்குதற்கு முன் நாம் கேட்க வேண்டிய வினா ஒன்று உண்டு. இதனை வழங்கியவர் யாவர்? அரசரா, புலவரா, பொதுமக்களா? வழங்கினோர் மாறின் பரிசின் பொருளும் மாறும். இவ்வினா பழமையானதே, எனினும் நம் காலத்தில் முன்னினும் கூர்மை அடைந்திருக்கின்றது. தொலைக்காட்சியும் கைபேசியும் வீடுதோறும் புகுந்தபின், பாடுவோரையும் நடிப்போரையும் தேர்ந்தெடுக்கும் அதிகாரம் வீட்டிலிருந்தபடி காண்போர் கைக்கு வந்து சேர்ந்தது. அவ்வதிகாரத்தின் இயல்பு யாது, எல்லை யாது என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்த இசையாசிரியர் ஒருவரின் பாட்டுக்கு நேர்ந்த சிறப்பினைக் கொண்டு ஈண்டு சிறிது ஆராய்வோம்.

தேர்ந்தெடுக்கும் முறைகள் நம் நாட்டில் மூன்று வகையாக வழங்கி வந்தன. முதலாவது அறிந்தோர் தேர்வு. மதுரைச் சங்கத்தில் பாண்டியன் தூக்கிய பொற்கிழியைத் தருமி பெறப் போன பொழுது, நக்கீரர் எழுந்து பாட்டிற் குற்றங் கூறித் தடுத்தார் என்னும் திருவிளையாடற் கதையை நாம் அனைவரும் அறிவோம். அங்கே கூட்டத்தின் கைதட்டலை எவரும் எண்ணவில்லை. புலமையுடைய ஒருவரின் சொல்லே தடையாயிற்று. இரண்டாவது குலுக்கல் தேர்வு. முதற் பராந்தக சோழன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளிற் பொறிக்கப்பட்ட உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் இதனை விரித்துரைக்கின்றன. வயது, நிலம், மனை, கல்வி ஆகிய தகுதிகளை உடையோரின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டுச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுப்பித்தனர். பெயர் குடத்துள் புகுவதற்குத் தகுதி வேண்டும். புகுந்தபின் எவருக்கும் பரிந்து பேச வழியில்லை.

மூன்றாவது கூட்டத்தின் தேர்வு. சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் நாடகக் கொட்டகைகளில் இது பெருவழக்காயிருந்தது. பாட்டு உள்ளத்தைக் கவர்ந்துவிட்டால் தரையில் அமர்ந்திருப்போர் 'ஒன்ஸ்மோர்' என்று முழங்குவர். நடிகர் கதையை நிறுத்திவிட்டு அப்பாட்டை மீண்டும் பாடியே தீர வேண்டும். எஸ். ஜி. கிட்டப்பா போன்றோர் இவ்வாறு பெற்ற புகழ் பெரிது. இராமன் வனம் செல்லுங் கட்டமாயினும், மக்கள் விரும்பினால் ஒரு பாட்டுக்காக அவன் சற்றுக் காத்து நிற்பான். கூட்டத்தின் தேர்வுக்குரிய வலிமையும் குறைபாடும் இக்காட்சியிலேயே அடங்கியுள்ளன. பாடகனுக்கு உடனே கிடைக்கும் ஊக்கம் அதன் வலிமை. உரக்கக் கூவுவோர் சிலர், வாளாவிருக்கும் பலருக்காகவும் தாமே முடிவு செய்துவிடுவது அதன் குறைபாடு.

நிற்க. இம்மூன்றாம் முறை இங்கிலாந்தில் ஒரு பெருவிழாவாகவே வளர்ந்திருக்கின்றது. ஐ.டி.வி. என்னும் தொலைக்காட்சி நிறுவனம் 1995 ஆம் ஆண்டு தொடங்கிய தேசியத் தொலைக்காட்சி விருதுகளில் நடுவர் குழுவுக்கு இடமில்லை; நிகழ்ச்சிகளைக் காணும் பொதுமக்களின் வாக்கே முடிபு. அந்நாட்டிலேயே பாஃப்டா என்னும் அமைப்பு வழங்கும் விருதுகளோ துறை வல்லாராலும் நடுவராலும் தீர்மானிக்கப்படுவன. இவ்விரண்டும் ஒரே ஆண்டில் ஒரே நிகழ்ச்சிகளை நோக்கினும் பல வேளைகளில் வெவ்வேறு பெயர்களைச் சொல்லும். மக்கள் விருதின் இயல்புக்கு ஓர் எடுத்துக்காட்டுக் கூறுவோம். ஆன்ட், டெக் என்னும் இருவர் சிறந்த தொகுப்பாளருக்கான விருதை 2001 முதல் 2024 முடிய 23 முறை தொடர்ந்து பெற்றனர். இத்தனை ஆண்டுகளில் அவர்களினும் நன்றாகப் பேசுவோர் ஒருவரேனும் அந்நாட்டில் தோன்றவில்லை என்று கொள்வது பொருந்தாது. குடும்பத்தில் ஒருவரைப் போலப் பழகிவிட்ட முகங்களை மக்கள் எளிதிற் கைவிடுவதில்லை என்று கொள்வதே பொருத்தம். ஆகவே நேயர் வாக்கில் அளவிடப்படும் பொருள்களுள் பழக்கமும் பற்றும் முதன்மையானவை என்பது பெறப்படும்.

இங்கிலாந்திலிருந்து நாம் நம் பள்ளத்தாக்கிற்கு வருவதற்கு ஒரு பாட்டு வழியாகின்றது. 1932 டிசம்பரில் தொடங்கப்பெற்ற பி.பி.சி. உலக ஒலிபரப்பு, தன் எழுபதாம் ஆண்டு நிறைவையொட்டி 2002 இல் உலகெங்குமுள்ள நேயர்களிடம், தங்கள் உள்ளங்கவர்ந்த பாட்டு யாது என்று கேட்டது. அவ்வொலிபரப்பு நம்மவர்க்குப் புதியதன்று. 1941 இல் தோன்றிய அதன் தமிழ்ப் பிரிவாகிய 'தமிழோசை'யைச் சிற்றலை வானொலியிற் கேட்பதைத் தமிழர் பலர் நெடுங்காலம் வழக்கமாகக் கொண்டிருந்தனர். அவ்வானொலிச் சேவை 2017 இல் நின்றது. 2002 ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏறத்தாழ 7,000 பாடல்கள் நேயர்களாற் குறிப்பிடப்பட்டன. அவற்றுள் நான்காம் இடம் பெற்றது 'தளபதி' படத்தில் வரும் 'ராக்கம்மா கையத் தட்டு' என்னும் பாட்டு. வாலி எழுத, எஸ். பி. பாலசுப்பிரமணியமும் சுவர்ணலதாவும் பாடி 1991 இல் வெளிவந்த அப்பாட்டுக்கு இசையமைத்தவர், உத்தமபாளையம் வட்டத்துப் பண்ணைப்புரத்தில் 1943 இற் பிறந்த இளையராஜா.

அம்முடிபின் பத்துப் பாடல்களையும் வரிசையாகப் பார்த்தால்தான் உண்மை புலனாகும். முதலிடம், அயர்லாந்தின் விடுதலை வேட்கையைப் பாடும் பத்தொன்பதாம் நூற்றாண்டுப் பாட்டு ஒன்றிற்குக் கிடைத்தது. அதனைப் பாடியவர் ஊல்ஃப் டோன்ஸ் குழுவினர். இரண்டாமிடம் 'ஆனந்த மடம்' என்னும் இந்திப் படத்தின் வந்தே மாதரத்திற்கு; மூன்றாமிடம் 'தில் தில் பாகிஸ்தான்' என்பதற்கு. நான்காவது ராக்கம்மா. ஐந்தாவதும் தமிழே, ஈழத்து மக்களின் இடப்பெயர்வுத் துயரைச் சொல்லும், திருமலைச் சந்திரன் பாடிய பாட்டு அது. ஆறாவது ஈராக்கியப் பாடகர் காசிம் அல் சாஹிருடையது; ஏழாவது நேபாளப் பாட்டு; எட்டாவது அமெரிக்கப் பாடகி ஷேர் பாடியது; ஒன்பதாவது ஏ. ஆர். ரஹ்மான் இசையமைத்த இந்திப் பாட்டு. பத்தாவது குவீன் குழுவினருடையது. பத்தில் ஆறு, இந்தியத் துணைக்கண்டத்தையும் இலங்கையையும் சார்ந்தவை. பீட்டில்ஸ் குழுவினரின் பாட்டு ஒன்றேனும் இல்லை.

இவ்வரிசையைக் கண்டு, உலகத்தின் நான்காவது சிறந்த பாட்டு நம் பண்ணைப்புரத்தார் தந்தது என்று மார்தட்டிக்கொள்வது எளிது. வாக்குகளெல்லாம் பொருளற்றவை என்று தள்ளிவிடுவதும் எளிது. இவ்விரண்டும் ஆராய்ச்சியாகா. எண்கள் எவ்வாறு பிறக்கின்றன என்று நோக்குவதே முறை.

ஓர் ஊரில் ஆயிரம் பேர் உளர் என்று கொள்வோம். அவருள் 700 பேருக்கு ஒரு பாட்டு இனிக்கின்றது; ஆயினும் அதற்கென எழுந்து சென்று வாக்களிப்பவர் நூற்றுக்கு ஐவரே. வாக்குகள் 35 ஆகின்றன. வேறு 100 பேருக்கு மற்றொரு பாட்டு உயிருக்கு நிகர். அவருள் 60 பேர் வாக்களிக்கின்றனர். 35 தோற்க 60 வென்றது. எழுநூற்றுவர் விரும்பிய பாட்டு பின்தள்ளப்பட்டது. இதில் எவரும் பொய் சொல்லவில்லை, கணக்கிலும் பிழையில்லை. எத்தனை பேர் விரும்பினர் என்று எண்ணியதாக நாம் நினைக்கிறோம்; உண்மையில் எண்ணப்பட்டது, எத்தனை பேர் வாக்களிக்கும் அளவுக்கு விரும்பினர் என்பதே.

இரண்டாவது, வாக்குச் சிதறுதல். பீட்டில்ஸ் குழுவினரை நேசிப்போர் அவர்களுடைய பல பாட்டுகளில் ஆளுக்கொன்றைச் சொன்னால், ஒவ்வொன்றும் சிறு எண்ணிக்கையே பெறும். ஒரு மக்கட் கூட்டம் தன் அன்பு முழுவதையும் ஒரே பாட்டின்மேற் குவித்தால் அது மேலே எழும். முதல் மூன்றும் நாட்டுப்பற்றுப் பாட்டுகளாயிருப்பதன் காரணத்தை இதனால் ஊகிக்கலாம். நாட்டின் பெயரால் அன்பு எளிதில் ஒருமுகப்படும்.

மூன்றாவது, வாக்குச் சாவடி எங்கே இருந்தது என்பது. அத்தேர்தல் இணையத்தின் வழியே நிகழ்ந்தது. 2002 இல் கம்பம் பள்ளத்தாக்கின் சிற்றூர்களில் இணைய வசதியுடைய இல்லங்கள் மிக அரியன. முல்லைப் பெரியாற்று நீர் பாயும் வயல்களில் நாற்று நட்டோரும், ஏலத்தோட்டங்களுக்கு மலையேறியோரும் அப்பாட்டைக் கேட்டிருப்பர், பாடியிருப்பர், வாக்களித்திருக்க வழியில்லை. கணினி முன் அமர்ந்திருந்த மாணவரும் அலுவலரும், கடல் கடந்து வாழும் தமிழருமே அதனை நான்காம் இடத்திற்கு உயர்த்தியிருத்தல் வேண்டும். ஊரை விட்டுப் போனவர்க்கு ஊர்த் திருவிழாவின் மேளமும் குலவையும் எத்துணை இனிக்கும் என்பதை நாம் அறிவோம். அப்பாட்டோ கொட்டும் கொண்டாட்டமுமாக எழுந்து, இடையே அப்பரின் தேவாரம் ஒன்றையும் தன்னுள் ஏந்தி நிற்பது. நாட்டின் பெயரைச் சொல்லாமலே அது ஒரு நாட்டை நினைவூட்டியது போலும். அதனையடுத்து ஐந்தாம் இடத்தில் நின்ற ஈழப் பாட்டு இவ்வூகத்தை உறுதிப்படுத்துகின்றது. வீடிழந்து போனோரின் துயரை அறிந்தவர், 'நாங்கள் இருக்கின்றோம்' என்று உலகிற்கு உரைக்க அவ்வாக்கையே ஒரு குரலாகக் கொண்டனர் என்று நாம் கருதுகின்றோம். இசை நூல் கற்ற நடுவர் குழு எதுவும் இவ்விரு பாட்டுகளையும் அடுத்தடுத்து நிறுத்தியிராது. அதனால்தான் இவ்வரிசை நமக்கு விலைமதிப்புடையது. மக்கள் எதற்காக ஏங்குகின்றனர் என்பதை அறிவிப்பதில் நேயர் வாக்குக்கு நிகரான கருவி வேறில்லை.

இனி, அறிந்தோர் தேர்வினையும் அதே இசையாசிரியரைக் கொண்டு சோதிப்போம். 1954 முதல் வழங்கப்பெறும் தேசியத் திரைப்பட விருதுகள் நடுவர் குழுவினரால் தீர்மானிக்கப்படுவன. இளையராஜா அவற்றுள் ஐந்தினைப் பெற்றார்: 'சாகர சங்கமம்', 'சிந்து பைரவி', 'ருத்ரவீணை', 'பழசிராஜா', 'தாரை தப்பட்டை' ஆகிய படங்களுக்காக. இவற்றுள் முதல் மூன்றும் செவ்வியல் இசையையும் நாட்டியத்தையும் சார்ந்த கதைகள் என்பது கருதத்தக்கது. 1976 இல் வெளிவந்து, நாட்டுப்புற மெட்டுகளைத் தமிழ்த் திரையின் நடுவே அமர்த்திய 'அன்னக்கிளி'க்கு இசைக்கான தேசிய விருது கிட்டவில்லை, 'தளபதி'க்கும் கிட்டவில்லை. நடுவரும் தமக்குப் பழகிய இலக்கணத்தின் வழியே காண்பவராதலின், அவ்விலக்கணத்திற்குப் புறத்தே நிற்கும் அழகு அவர்கள் கண்ணுக்குத் தப்பக்கூடும். எனினும் அவர்களை முற்றும் குறை கூறுதற்கில்லை. தேனி அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா இயக்கிய '16 வயதினிலே' 1977 இல் வெளிவந்தபொழுது, அதன் சிற்றூர்ப் பாட்டு ஒன்றினைப் பாடிய எஸ். ஜானகிக்குத் தேசிய விருது அளித்தவரும் நடுவரே. வடுகபட்டியில் வளர்ந்த வைரமுத்துவின் பாட்டுகளைப் பலமுறை தேர்ந்தவரும் அவரே. ஆகலின் மக்கள் கண் ஒன்றைக் காண்கின்றது, நடுவர் கண் மற்றொன்றைக் காண்கின்றது. ஒன்றன் தீர்ப்பை மற்றொன்றன் பெயரால் வழங்குவதே தவறு.

இத்தவற்றினும் பெரிது ஒன்றுண்டு. அது வாக்கை எண்ணுவதில் நேரும் முறைகேடு. 2005 இல் இங்கிலாந்தில் நடந்த நகைச்சுவை விருது விழாவில் மக்கள் தேர்வு விருது ஆன்ட், டெக் இருவரின் நிகழ்ச்சிக்கு வழங்கப்பட்டது. பின்னர் நிகழ்ந்த விசாரணையில், மிகுந்த வாக்குப் பெற்றது காதரின் டேட் என்பாரின் நிகழ்ச்சியே என்பது 2008 இல் வெளியாயிற்று. நடந்ததை அறியாதிருந்த அவ்விருவரும் விருதைத் திருப்பிக் கொடுத்தனர். அதே ஆண்டில், கட்டணத் தொலைபேசி வழியே நேயரைப் பங்குகொள்ளச் செய்த வேறு நிகழ்ச்சிகளில் நேர்ந்த முறைகேடுகளுக்காக ஐ.டி.வி. நிறுவனத்திற்கு அந்நாட்டு ஒழுங்கு ஆணையம் 56 இலட்சம் பவுனுக்கு மேல் தண்டம் விதித்தது. மக்கள் தம் பணத்தைச் செலவிட்டு அளித்த வாக்கு எண்ணப்படாமற் போவது, சந்தையில் விலை வாங்கிக்கொண்டு பண்டம் தராமைக்கு ஒப்பாகும்.

தமிழ்நாட்டிலும் விஜய் தொலைக்காட்சி போன்றவை தம் பாட்டுப் போட்டிகளில் நேயரிடம் வாக்குக் கேட்டன. 2007 முதல் அந்நிறுவனம் வழங்கிய திரைப்பட விருதுகளில் நடுவர் தேர்வும், மக்கள் விருப்பத்திற்கெனத் தனிப் பிரிவுகளும் ஒருங்கே இருந்தன. இரண்டையும் வேறு வேறு பெயரிட்டுப் பிரித்தது நன்முறையே. எந்த விருது எவர் தந்தது என்பதை மக்கள் மயங்காது அறிய அது துணை செய்யும்.

வாக்கென்னும் சொல்லை அரசியலிலும் கலையிலும் ஒன்றுபோல வழங்குவதாற் பிறக்கும் மயக்கம் ஒன்றுண்டு. இதனை விளக்கவும் நம் பள்ளத்தாக்கே உதவுகின்றது. மேற்கு மலைக்கு அப்பாலுள்ள தேவிகுளம் தொகுதியில் 1958 இல் இடைத்தேர்தல் நடந்தது. அங்குத் தேயிலைத் தோட்டத் தொழிலாளருட் பெரும்பாலோர் தமிழர். பொதுவுடைமைக் கட்சியின் வேட்பாளராகிய ரோசம்மா புன்னூசுக்காகப் பண்ணைப்புரத்துப் பாவலர் வரதராசன் தோட்டந்தோறும் பாடினார். அவர் இளையராஜாவின் தமையனார். தமையனாரின் பாட்டுக் குழுவிற் சேர்ந்து ஊர் ஊராகச் சென்றதே இளையராஜாவின் முதற் பயிற்சி. ரோசம்மா வென்றார். ஆக, உலகத்தார் பாட்டுக்கு வாக்களிக்க முன்வருவதற்கு நாற்பத்துநான்கு ஆண்டுகட்கு முன்பே, அக்குடும்பத்தார் வாக்குக்காகப் பாட்டிசைத்தனர்.

இவ்விரு வாக்குகளும் ஒரு பெயருடையவாயினும் ஓரினத்தவையல்ல. தேவிகுளத்துத் தொழிலாளியின் பெயர் வாக்காளர் பட்டியலில் இருந்தது. அவருக்கும் தோட்ட முதலாளிக்கும் ஆளுக்கு ஒரு வாக்கே. அது மறைவாக இடப்பட்டு, இரு கட்சியாரும் பார்த்திருக்க எண்ணப்பட்டது. நேயர் வாக்கிலோ பட்டியல் இல்லை. சில போட்டிகளில் ஒருவரே பலமுறை வாக்களிக்கலாம். கைப்பொருள் உடையார் மிகுதியும் அளிக்கலாம். எண்ணுவோர் போட்டியை நடத்துவோரே. ஆதலின் அரசியல் வாக்குக்குரிய மதிப்பை நேயர் வாக்குக்கு ஏற்றிக் கூறலாகாது. நேயர் வாக்கைப் போல விளையாட்டாக அரசியல் வாக்கை எண்ணிவிடுவதோ அதனினும் தீது.

இதுகாறும் கூறியவற்றால், மக்கள் விருது ஒன்றைக் கேள்வியுறுங்கால் நாம் கேட்க வேண்டிய வினாக்கள் நான்கு என்பது விளங்கும். வாக்களிக்கும் வாய்ப்பு எவர்க்கெல்லாம் இருந்தது? ஒருவர் எத்தனை முறை, எவ்வளவு செலவில் வாக்களிக்கலாம்? எண்ணியவர் யார், அவரை மேற்பார்த்தவர் யார்? கிடைத்த எண்ணிக்கை வெளியிடப்பட்டதா, அன்றி முடிபு மட்டுமே கூறப்பட்டதா? இந்நான்கிற்கும் நேரிய விடை கிடைப்பின், அவ்விருதை மக்களன்பின் சான்றாக மகிழ்ந்து ஏற்கலாம். கலைத் தகுதியை அறிய வேண்டின், அதன்மேல் நம் செவியையும் கல்வியையும் துணைக்கொள்ள வேண்டும்.

இவ்வேறுபாட்டை அறிதல் வெறும் ஏட்டுக் கல்வியன்று. இன்று நம் சிற்றூர்களிலிருந்து பாட்டுப் போட்டிகளுக்குச் செல்லும் பிள்ளைகள் பலர். வாக்குக் குறைந்த அன்று, தமக்குக் குரலே இல்லையென்று எண்ணிக் கலங்குவாரும் அவருள் இருக்கக் கூடும். தன் ஊரார் கையிற் கைபேசி குறைவு என்பதும், தன் பாட்டு கேவலமானது என்பதும் வேறு வேறு செய்திகள் என்று அப்பிள்ளைக்கு எடுத்துரைக்க ஒருவர் வேண்டும். அவ்வொருவர் கற்றறிந்த நம் மாணவராயிருத்தல் தகும்.

மற்றொன்றும் உண்டு. எந்த வாக்கிலும் பெயர் வராத பாட்டுகள் நம் பள்ளத்தாக்கில் இன்னும் வழங்குகின்றன. நடவுப் பாட்டும், தாலாட்டும், ஒப்பாரியும், வீரபாண்டித் திருவிழாவுக்குச் செல்வோர் வழியிற் பாடும் பாட்டும் அத்தகையன. அவற்றை அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். அவர்கட்கு விருது தருவோர் இல்லை. தருவித்துக்கொள்ள அவர்கள் வேண்டியதும் இல்லை. விடுமுறையில் ஊர் செல்லும் மாணவர் ஒவ்வொருவரும் அத்தகைய மூதாட்டி ஒருவரின் அருகமர்ந்து, அவர் பாடுவதை முழுவதும் கேட்டு, சொல் மாறாமல் எழுதி வருவாராயின், அஃது ஆயிரம் வாக்கினும் மேலான தொண்டாகும். வாக்களித்தற்குத் தகுதி தருவது கேள்வியே என்பதை உணர்ந்து, முதலில் நன்கு கேட்கப் பழகுவோமாக.